அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு முதலீட்டு வழி கிரீன் கார்டு: மாணவர் விசா என்ன ஆகும்? மொரிஷியஸ் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோஸ் ஹில்லில் பெரியம்மா இறந்த இரவு, அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து எனக்குப் போன் செய்தான். "மாமா, நான் கிளம்பி வந்துட்டுத் திரும்பிடலாம்தானே? ஐ-20 கையில் இருக்கு, காலேஜ் கையெழுத்தும் இருக்கு" என்றான். ஐ-20 என்பது காலேஜ் மாணவருக்குத் தரும் தகுதிச் சான்றுத் தாள். நானும் வா என்று சொல்லிவிட்டேன். குடும்பமே ஃபிளாக் பக்கத்துக் கரும்பு நிலத்தை விற்று அவன் பெயரில் முதலீடு செய்து, கிரீன் கார்டுக்கான மனு போட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பயண அனுமதி வாங்காமல் அவன் விமானம் ஏறியதுமே அந்த மனு கைவிடப்பட்டதாகக் கணக்காகிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருந்த பழைய மாணவர் விசாவின் தேதியும் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து புது விசாவுக்குப் போனபோது கிடைக்கவில்லை. குடியேற மனு போட்டவர், படித்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று சொன்னால் நம்ப முடியாது என்பதுதான் காரணம். சட்டப்படி அது சரியே. பையனுக்கு ஒரு படிப்பு வருடம் போனது.

நான் வக்கீல் இல்லை, கணக்காளன். அந்தக் குடும்பத்தின் பணக் கோப்பைத் தயாரித்தவன் நான்தான். பயண விஷயத்தில் அன்று எனக்குத் தெரியாமல் போனதையும், அதன்பின் தேடித் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். மனுவைத் தாக்கல் செய்ய அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். அவரிடம் போய் உட்காரும் முன் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

நம் தீவில் அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களில் 3 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி கிடைக்கிறது. கிராண்ட் பேயிலும் தமரினிலும் அதைப் பார்த்துப் பழகிய நாம், அமெரிக்காவிலும் ஒரு அபார்ட்மென்ட் வாங்கினால் போதும் என்று நினைக்கிறோம். அங்கே அப்படி இல்லை. 1990-இல் உண்டான இபி-5 என்ற பிரிவு, வேலைவாய்ப்பு உருவாக்கும் தொழிலில் பணம் போடச் சொல்கிறது. பொதுவாக 10 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கிராமப்புறம், வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த பகுதி, அரசுக் கட்டமைப்புத் திட்டம் ஆகியவற்றில் 8 லட்சம் டாலர். ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் 10 முழுநேர வேலைகள் உருவாக வேண்டும். இந்தத் தொகைகள் 2022 மார்ச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்தவை. 2027 ஜனவரி 1-இல் பணவீக்கத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் ரீஜனல் சென்டர் எனப்படும் நிறுவனங்களின் வழியாகப் போகிறார்கள். அங்கே பலருடைய பணம் ஒரே திட்டத்தில் சேர்கிறது, தொழிலை அன்றாடம் நடத்தும் பொறுப்பு படிக்கிற பிள்ளையின் தலையில் விழாது. அதற்கான மனுப் படிவம் ஐ-526இ.

கோல்ட் கார்டு பற்றியும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அது, அமெரிக்க அரசுக்குக் கொடுக்கும் 10 லட்சம் டாலர் நன்கொடை. அந்தப் பணம் திரும்பி வராது. இபி-5 வேறு கதை.

முதல் படி: முதலீட்டாளர் அப்பாவா, பிள்ளையா?

எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளைவிடுகிறது. ஆனால் பல வீடுகளில் "பணம் அப்பாவுடையது, ஆகவே அப்பா பெயரில்" என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

அப்பா முதலீட்டாளர் என்றால் அம்மாவுக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் சேர்ந்தே கிரீன் கார்டு கிடைக்கும். அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அப்பா காத்ர் போர்னில் இருக்கிறார், பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது என்றால், அப்பாவின் நிரந்தரக் குடியிருப்பு முடிவாகும்வரை பிள்ளையால் அங்கிருந்தபடி தன் மனுவை முன்னெடுக்க முடியாது. அதுவரை பிள்ளை வெறும் மாணவர்தான். இன்னொன்று, 21 வயது தாண்டும் ஆபத்து. ஐ-526இ பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள ஒரு பாதுகாப்புச் சட்டம் உண்டு என்றாலும், 20 வயதுப் பிள்ளையை நம்பி அந்தக் கணக்கில் இறங்குவதை நான் விரும்பமாட்டேன்.

பிள்ளையே முதலீட்டாளர் என்றால், அமெரிக்காவில் முறையான ஸ்டேட்டஸில், அதாவது சட்டப்படி தங்கும் நிலையில், இருக்கும்போதே ஐ-526இ மனுவையும், கிரீன் கார்டுக்கான ஐ-485 மனுவையும் ஒன்றாகத் தாக்கல் செய்யலாம். 2022 சட்டம் திறந்துவிட்ட பெரிய கதவு இது. பெற்றோருக்கும் தம்பி தங்கைக்கும் இதில் எதுவும் கிடைக்காது. பிள்ளைக்கு 18 வயது முடிந்திருப்பது நல்லது, ஒப்பந்தங்களில் கையெழுத்திட வேண்டுமே.

பிள்ளையின் படிப்பும் வேலையும்தான் நோக்கம் என்றால் பிள்ளை பெயரிலேயே போடுங்கள். குடும்பத்தோடு குடிபெயர உண்மையாகவே நினைப்பவர்கள் மட்டும் அப்பா பெயரில் போகலாம்.

இரண்டாம் படி: பிறந்த ஊரைப் பாருங்கள்

கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் வரிசை முடிவாவது பாஸ்போர்ட்டைப் பார்த்து அல்ல, பிறந்த நாட்டைப் பார்த்து. மொரிஷியஸில் பிறந்தவருக்கு இபி-5-இல் நீண்ட வரிசை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, இங்கே மணமுடித்து வந்து, மொரிஷியஸ் பாஸ்போர்ட் வாங்கியவர் இன்னமும் இந்திய வரிசையில்தான் எண்ணப்படுவார். பொதுப் பிரிவில் அது நீளமான வரிசை. கிராமப்புறத் திட்டங்களுக்குத் தனியாக 20 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதால் பலரும் அந்தப் பக்கம் போகிறார்கள்.

நம் வீடுகளுக்குப் பயன்படும் ஒரு விதி: கணவன் மனைவி இருவரும் சேர்ந்து குடிபெயரும்போது, ஒருவர் மற்றவர் பிறந்த நாட்டின் வரிசையில் சேரலாம். அம்மா மதுரையில் பிறந்தவர், அப்பா போர்ட் லூயிஸில் பிறந்தவர் என்றால் அம்மாவும் மொரிஷியஸ் கணக்கில் போகலாம். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டைக் காட்டிப் பெற்றோர் சேர முடியாது.

மூன்றாம் படி: பணத்தின் கதை

நான் அதிகம் உழைத்தது இங்கேதான். அமெரிக்காவின் குடிவரவுத் துறை கேட்பது வங்கி இருப்பை மட்டும் அல்ல. அந்தப் பணம் எங்கே பிறந்தது, எந்தெந்தக் கை மாறி வந்தது என்று தொடக்கத்திலிருந்து காட்டச் சொல்கிறது. பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகத் தரலாம், அதற்குத் தடை இல்லை. அப்போது பெற்றோர் அந்தப் பணத்தைச் சம்பாதித்த விதத்தைக் காட்ட வேண்டும்.

நிலம் விற்ற பணம் என்றால் நோத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்ட அலுவலர்) எழுதிய விற்பனைப் பத்திரம், அதற்கு முன் அந்த நிலம் உங்களுக்கு வந்த பத்திரம், பணம் கணக்கில் விழுந்த வங்கி அறிக்கை மூன்றும் வேண்டும். தாத்தா காலத்தில் பிரிக்காமல் கிடந்த பாகமாக இருந்தால் முதலில் வாரிசு ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். அதற்கே மாதக்கணக்கு ஆகும். கடை வருமானம் என்றால் நம் வரித் துறையான எம்.ஆர்.ஏ.-வுக்குக் கொடுத்த வரிக் கணக்குகள். கணக்கில் காட்டாத ரொக்கம் எவ்வளவு நேர்மையாகச் சம்பாதித்ததாக இருந்தாலும் இங்கே உதவாது. பிரெஞ்சு மொழியில் உள்ள ஒவ்வொரு பத்திரத்துக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நம் வீட்டுப் பத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான்.

மொரிஷியஸ் 1994-லேயே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. தென்னாப்பிரிக்கச் சொந்தக்காரர்கள் ராண்டை வெளியே அனுப்ப வரி அனுமதி, வருட வரம்பு என்று படும் பாடு நமக்கு இல்லை. வங்கி கேட்கும் கேள்விகளுக்குத்தான் பதில் தயாராக இருக்க வேண்டும்.

அமெரிக்க வழக்கறிஞர் சொல்லமாட்டார் என்பதால் ஒன்றை நான் சொல்கிறேன். நம் சிவில் சட்டம் நெப்போலியன் சட்டத்தின் வழி வந்தது. பெற்றோரின் சொத்தில் ஒரு பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு மட்டும் 8 லட்சம் டாலர் அன்பளிப்பாகக் கொடுத்தால், பெற்றோர் காலத்துக்குப் பின் மற்ற பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்க முடியும். அன்பளிப்புப் பத்திரம் எழுதும் நாளில் அண்ணன் தங்கை எல்லாரையும் நோத்தேர் முன்னால் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுங்கள். பணத்தால் பிரிந்த உடன்பிறப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வலிக்கு எந்தக் கார்டும் ஈடாகாது.

முதலீடு செய்யும் திட்டத்தையும் விசாரியுங்கள். பணம் இழப்புக்கு உட்பட்டதாக இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆகவே "முழுப் பணமும் கட்டாயம் திரும்பக் கிடைக்கும்" என்று எழுதித் தருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ஜே பீக் என்ற பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தின் மீது 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மோசடி வழக்குப் போட்டது. பல நாட்டு முதலீட்டாளர்களிடம் திரட்டிய 35 கோடி டாலருக்கும் மேலான தொகை அதில் இருந்தது.

நான்காம் படி: தாக்கல் செய்யும் நேரம்

விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் தாள், உள்ளே நுழைவதற்கு. ஸ்டேட்டஸ் என்பது உள்ளே நுழைந்தபின் நீங்கள் யாராக இருக்கிறீர்கள் என்பது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

எஃப்-1 மாணவர் விசா ஒரு வாக்குறுதியின்மேல் நிற்கிறது: என் வீடு மொரிஷியஸில் இருக்கிறது, அதை விட்டுவிடும் எண்ணம் இல்லை. ஐ-526இ மனு அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. அமெரிக்காவுக்குள் இருந்தபடி அந்த மனுவைப் போட்டால் எஃப்-1 ஸ்டேட்டஸ் தானாக ரத்தாகாது. வகுப்புக்குப் போகலாம், தேர்வு எழுதலாம். ஆனால் வெளியே வந்து புது எஃப்-1 விசா கேட்கும்போதும், விமான நிலையத்தில் அதிகாரி முன் நிற்கும்போதும் அந்த மனு எதிரே வந்து நிற்கும். விசா விண்ணப்பத்தில் குடியேற்ற மனு பற்றிக் கேள்வியே இருக்கிறது. அங்கே பொய் சொன்னால் வாழ்நாள் தடைவரை போகும். உண்மையைச் சொல்லி மறுக்கப்படுவது எத்தனையோ மேல்.

ஆகவே, இப்போது மொரிஷியஸில் இருக்கும் பிள்ளையின் எஃப்-1 விசா முடியப்போகிறது என்றால், முதலீட்டு மனு போடும் முன்பே, திரும்பி வரும் எண்ணம் உண்மையாகவே இருக்கும் நிலையில், அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மனசுக்குள் ஒன்று, வாயில் ஒன்று என்று செய்யச் சொல்லவில்லை. முதலீட்டு முடிவை எடுத்துவிட்ட பிறகு மாணவர் விசா கேட்பது தவறு. நுழைந்த 90 நாட்களுக்குள் குடியேற்ற மனு போட்டால், நுழையும்போதே மறைத்ததாகச் சந்தேகிக்க வெளியுறவுத் துறையின் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் அந்த 90 நாள் கழியக் காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

அதுவரை மாணவர் ஸ்டேட்டஸ் பழுதில்லாமல் இருக்க வேண்டும். இளநிலை மாணவருக்கு ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாத வேலை கூடாது, சொந்தக்காரர் கடையில் வார இறுதியில் நிற்பதும் அதில் சேரும். மொத்தம் 180 நாட்கள்வரையான சில தவறுகளைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது, ஆனாலும் அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் காலம்

ஐ-485 உள்ளே போனதும், முடிவு வரும்வரை அமெரிக்காவில் தங்கச் சட்டப்படி இடம் உண்டு. ஐ-765 போட்டு வேலை அனுமதியும், ஐ-131 போட்டு, வெளியே போய்த் திரும்பி வர முன்பயண அனுமதியும் வாங்கலாம். இரண்டையும் ஐ-485-உடன் ஒரே உறையில் அனுப்புங்கள். அக்கா மகன் வீட்டில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஐ-131-ஐத் தள்ளிப்போட்டார்கள்.

வேலை அனுமதி அட்டை கையில் வந்ததும் பிள்ளைகள் மகிழ்ந்துபோய் படிப்பில் கிரெடிட்டைக் குறைக்கிறார்கள், வெளியே வேலைக்குச் சேர்கிறார்கள். செய்யலாம், சட்டவிரோதம் இல்லை. ஆனால் அந்த அட்டையைக் கொண்டு வெளியே வேலை செய்தால் எஃப்-1 ஸ்டேட்டஸ் போய்விடும். முன்பயண அனுமதியைக் காட்டி உள்ளே நுழைந்தாலும் அப்படியே, நீங்கள் மாணவராக நுழையவில்லை. வகுப்பை நிறுத்தினாலும் அதே கதை. வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேர வேலையும், காலேஜ் வழியாக முறைப்படி வாங்கும் சிபிடி, ஓபிடி பயிற்சி வேலைகளும் எஃப்-1-ஐக் கெடுக்காது.

எஃப்-1 போனால் என்ன குறைந்துவிடும்? ஐ-485 நல்லபடியாக முடிந்தால் எதுவும் குறையாது. மறுக்கப்பட்டால்தான் வித்தியாசம் தெரியும். எஃப்-1 உயிரோடு இருக்கும் பிள்ளை மறுநாள் காலை வழக்கம்போல வகுப்புக்குப் போகும். அதை இழந்த பிள்ளைக்கு அனுமதியற்ற தங்கல் எண்ணப்படத் தொடங்கலாம். அது 180 நாட்களைத் தாண்டியபின் வெளியேறினால் 3 வருடத் தடை, ஒரு வருடத்தை எட்டினால் 10 வருடத் தடை. ஆகவே கார்டு கையில் வரும்வரை எஃப்-1-ஐ விடாதீர்கள். முழுச் சம்பள வேலை கூப்பிட்டாலும் முடிந்தவரை ஓபிடி வழியே போங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

இனி ஊருக்கு வருவது. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது முன்பயண அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே கால் வைத்தால் மனு கைவிடப்பட்டதாகும். எச், எல் வேலை விசாக்காரர்களுக்கு இதில் விலக்கு உண்டு, எஃப்-1 மாணவருக்கு இல்லை. பாஸ்போர்ட்டில் விசா தேதி எவ்வளவு மீதி இருந்தாலும் பொருட்டில்லை. காவடிக்கு, தீபாவளிக்கு, அக்கா கல்யாணத்துக்கு என்று டிக்கெட் போடும் முன் அந்த அனுமதித் தாள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பித்திருப்பது போதாது, கையில் இருக்க வேண்டும்.

சாவோ கடும் நோயோ என்றால்? உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் நேரம் கேட்டு, இறப்புச் சான்றிதழையோ மருத்துவமனைக் கடிதத்தையோ காட்டி அவசர முன்பயண அனுமதி கேட்கலாம். கிடைக்க ஓரிரு நாள் போகலாம், சடங்கு தவறலாம். நம் வீடுகளில் இது மிகவும் கஷ்டமான பேச்சு. ஆனால் மனுப் போடும் நாளிலேயே பேசிவிடுங்கள்: இந்தக் காலத்தில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஏதாவது ஆனால் பிள்ளை வரத் தாமதமாகலாம். பெரியவர்களிடமே சொல்லலாம், அவர்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்வார்கள்.

தவறிப்போய் வெளியே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இடிந்து உட்கார வேண்டாம். கைவிடப்படுவது ஐ-485 மட்டும்தான். ஐ-526இ தன் பாட்டுக்கு நடக்கும். அது ஏற்கப்பட்டதும் தூதரகம் வழியாகக் குடியேற்ற விசா வாங்கிப் போகலாம். அக்கா மகனும் அந்த வழியில்தான் போனான்.

ஆறாம் படி: கார்டு வந்த பிறகு

ஐ-485 ஏற்கப்பட்ட நாளில் எஃப்-1 முடிந்தது. பிள்ளை இனி நிபந்தனையுள்ள நிரந்தரக் குடியிருப்பாளர், இரண்டு வருடக் கார்டு. காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கார்டைக் காட்டிப் பதிவை முடிக்கச் சொல்லுங்கள். ஐ-20 இனி வேண்டாம், 12 கிரெடிட் கட்டாயமும் குடிவரவுக்காக வேண்டாம். எங்கேயும் வேலை செய்யலாம்.

கல்விக் கட்டணம் மறுநாளே குறையாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டணத்துக்குப் பெரும்பாலும் 12 மாத வசிப்பைக் காட்ட வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி இப்போது உண்டு.

வரியில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். கார்டு வந்தபின் உலகில் எங்கே வந்த வருமானமானாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கும் மொரிஷியஸுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது. இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை கொடுக்க வேண்டும். அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கும், பிள்ளை சின்ன வயதாக இருக்கும்போது அதன் பெயரில் போட்ட வைப்பும் இதில் சேரும். கொடுக்காவிட்டால் அபராதம் கடுமை. கார்டு வருவதற்கு முன்பே பிள்ளை பெயரில் இங்கே இருக்கும் கணக்குகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பையன்கள் 18 முதல் 25 வயதுக்குள் என்றால் ராணுவச் சேவைப் பதிவிலும் பெயர் இருக்க வேண்டும், மாணவராக இருந்தபோது அது தேவைப்படவில்லை.

கிரீன் கார்டு அமெரிக்காவில் வாழ்வதற்கானது. பட்டம் வாங்கியதும் அப்பாவின் கடையைப் பார்க்க ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால் கார்டை இழக்க நேரிடும். மறுநுழைவு அனுமதி வாங்கி வைத்தால் இரண்டு வருடம்வரை தாக்குப்பிடிக்கலாம். பிள்ளைக்கு உண்மையில் ஊருக்குத் திரும்பும் ஆசைதான் என்றால், தயவுசெய்து நிலத்தை விற்காதீர்கள். எஃப்-1 போதும்.

ஏழாம் படி: நிபந்தனையை நீக்குதல்

இரண்டு வருடம் முடியும் முன், கடைசி 90 நாட்களுக்குள் ஐ-829 மனு போட வேண்டும். முதலீடு நிலைத்திருந்தது, 10 வேலைகள் உருவாயின என்று காட்டுவது அதன் வேலை. ஆவணங்களை ரீஜனல் சென்டர் தரும், அதை நேரத்தோடு கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு முகவரி சொல்லச் சொல்லுங்கள். மாணவர்கள் வருடத்துக்கு ஒரு அறை மாறுகிறார்கள், கடிதம் பழைய அறைக்குப் போய்க் கிடக்கும். கார்டில் அச்சிட்ட காலாவதித் தேதியிலிருந்து 90 நாள் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியைப் பிள்ளையின் போனிலும் இங்கே உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் குறித்துவையுங்கள்.